இரண்டாவது விரல்

களக்காடு
6.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பாப்பம்மாள் எழுதுகிறேன். நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் மச்சான் வாதம் வந்து படுத்து எட்டு மாதமாகிறது. நான் எப்போதும் போல இருக்கிறேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் பத்திரிகையில் உங்கள் படப்பை முகவரி இருந்தது. போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் பேசமாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

என் மகள் சுகப்பிரியா இப்போது இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறாள். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. மருமகன் சக்திகுமாருக்கு ஒரகடத்தில். இரண்டு பேருக்கும் ஷிப்டு. பிள்ளை பகலவனை வீட்டுக்கார அம்மா கன்னியம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடியப் போகிறது. தவழ்கிறான். தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. போன வாரம் சட்டைப் பொத்தான். அதற்கு முந்தின வாரம் ஒரு போல்ட் வாஷர்.

நீங்கள் கம்பெனியில் முதலுதவி வகுப்பு எடுப்பதாக ஊரில் சொன்னார்கள். ஒருநாள் போய் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? உங்கள் மச்சானை விட்டுவிட்டு நான் வர முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையின் தொண்டைதான் கண்ணில் நிற்கிறது. யாரிடம் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அவளுடைய முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

தங்கை,
பாப்பம்மாள்


படப்பை
19.7.2024

பாப்பம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நேரமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பதில் எழுத விருப்பமில்லை. கேட்டதற்கு: நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். கடிதம் என்றால் ஒரு முறை உண்டே.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். வகுப்பு எடுக்கிறேன். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன் பதினெட்டு வருடமாகப் பாதுகாப்புப் பிரிவில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்டுகிறேன். எனக்கு மேலாளராக இருக்கும் விமல்ராஜ் என்னிடம் பயிற்சி எடுத்தவன். "சார், க்ளாஸ் நீங்க எடுங்க, போட்டோவுக்கு மட்டும் நான் வந்து நின்னுக்கறேன்" என்பான். வந்து நிற்கவும் செய்வான்.

இருங்காட்டுக்கோட்டைக்கு நான் போகமாட்டேன். உன் சத்தம் என் காதில் விழக் கூடாது என்று 1999-இல் சொன்னேன். உன் வீட்டு ஆட்களுக்கும் அது பொருந்தும். என் மகள் ஐஸ்வர்யாவுக்கு அப்போது பதினான்கு மாதம். ஒரு வறுத்த கடலை. உன் மதினி ராஜலட்சுமி வாசலில் நுழைந்தபோது உன் விரல் குழந்தையின் வாய்க்குள் இருந்தது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். உன் விரல் வெளியே வந்தது, கடலை வரவில்லை, பிள்ளை பிழைக்கவில்லை. இதை நான் மறந்திருப்பேன் என்று நினைத்து எழுதினாயா?

ஆனால் அந்தப் பிள்ளை எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் மகளுக்கு அனுப்பு. சுருக்கமாக இங்கேயும்:

குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், விட்டுவிட வேண்டும். இருமலே அதை வெளியே தள்ளும். சத்தம் வராமல், மூச்சு வராமல், உதடு நீலமானால் முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தாடையை விரல்களால் தாங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, மார்பு எலும்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அமுக்கு. பிறகு மறுபடி தட்டு. இது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு. கூடவே ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாவிட்டால் விரலை விடக் கூடாது. விரல் அதை உள்ளே தள்ளும்.

கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். காரணம் உனக்குத் தெரியும்.

வனமாமலை


களக்காடு
1.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே நல்ல மழை. வாழை சாய்ந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

தாளை அன்றைக்கே சுகப்பிரியாவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் அதை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கன்னியம்மா எழுத்துக் கூட்டிப் படித்து, தலையணையைக் கையில் போட்டுத் தட்டிப் பார்த்தாளாம். "எவன்டி இத எழுதனவன், வாத்தியாரா? அடிக்கோடு போட்டே காகிதத்தக் கிழிச்சுட்டுக்கீறான்" என்றாளாம். மகள் போனில் சொல்லிச் சிரித்தாள். எழுதியது யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தெரிந்த ஒருவர் என்றேன்.

அந்த நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். முந்தாநாள் பிள்ளை டீ டம்ளரை இழுத்துவிட்டான். முழங்கையில் சிவந்துவிட்டது. பற்பசை தடவியிருக்கிறார்கள். அது சரிதானா?

தங்கை,
பாப்பம்மாள்


படப்பை
9.8.2024

பாப்பம்மாளுக்கு,

இங்கே வெயிலுக்குக் குறைவில்லை, நாங்கள் இருக்கிறோம்.

பற்பசை பல்லுக்கு. சுட்ட தோலுக்கு அது சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும். மாவு, இங்க், வாழைச்சாறு எதுவும் கூடாது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியை ஈரமாக்கித் தளர்வாக மூடி டாக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு மேல் சுட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். இதையெல்லாம் இரண்டு நாள் கழித்து எனக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறாய். தபால்காரன் வருவதற்குள் தோல் உரிந்துவிடும்.

போன புதன்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். திரும்பும்போது கம்பெனி பஸ் உன் மகள் தெருவின் முனையில் நின்றது. சிக்னல். மாடியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வேறு யார் வீட்டுச் சட்டையாகவும் இருக்கலாம். நான் இறங்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வனமாமலை


களக்காடு
3.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இந்தத் தடவை நல்ல சேதி. அதனால் பயப்படாமல் படியுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் பிள்ளைக்குக் கடலை புரையேறிவிட்டது. பக்கத்து அறைப் பையன்கள் தின்றுவிட்டுச் சிந்தியது. கன்னியம்மா பார்க்கும்போது இருமிக்கொண்டிருந்தானாம். தாளில் இருந்தபடி இருமட்டும் என்று விட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்று அழுதுவிட்டுத் தூங்கிவிட்டான். கடலை வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. விழுங்கியிருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இருமல், லேசான காய்ச்சல். கிளினிக்கில் சளி என்று மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. பிறகு வாலாஜாபாத் பக்கம் தொக்கம் எடுக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். பிள்ளையின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினாளாம். துப்பிய தண்ணீரில் அரைக் கடலை கிடந்ததாம். "எம்மா, என் கண்ணால பாத்தேன்மா" என்று சுகப்பிரியா சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நம்ம ஊரிலும் தொக்கம் எடுத்துத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்.

மூன்று நாளாக இருமல் குறைந்திருக்கிறது. தூங்கும்போது மட்டும் விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறதாம். அதுவும் போய்விடும் என்றாளாம் அந்த அம்மா.

இன்னும் பத்து, பன்னிரண்டு நாளில் ஒரு வயது. மதினிக்கும் சொல்லுங்கள்.

தங்கை,
பாப்பம்மாள்


எழும்பூர், குழந்தைகள் ஆஸ்பத்திரி
10.9.2024, காலை

பாப்பம்மாளுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. பகலவனை உள்ளே கொண்டுபோய் நாற்பது நிமிடம் ஆகிறது. குழாய் விட்டு எடுக்கப் போகிறார்கள். சுகப்பிரியா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. விசில் சத்தம் என்ற வரியை வாசலில் நின்றே படித்தேன். செருப்பைக் கழற்றவில்லை. கடலை வயிற்றுக்குப் போகவில்லை, மூச்சுக் குழாயில் இருக்கிறது. வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினால் மூச்சுக் குழாயில் இருப்பது எப்படி வரும்? அந்தப் பெண் அரைக் கடலையைத் தன் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருப்பாள். இருமல் குறைந்தது குணமானதால் அல்ல, அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்று போவது குறைந்ததால். அது எந்த நிமிடமும் நகரலாம். நகர்ந்து நடுவில் வந்தால் முடிந்தது.

ஷேர் ஆட்டோ, ஒரகடத்திலிருந்து பஸ், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இன்னொரு பஸ். ஒன்றரை மணி நேரம். போனால் கன்னியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் அவன் முதுகில் காது வைத்துக் கேட்டேன். இடது பக்கம் காற்று ஓடுகிறது. வலது பக்கம் மூடிய அறை மாதிரி இருக்கிறது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், குழந்தையைக் கொடுங்கள் என்றேன்.

"இன்னா சார், நீ பாட்டுக்கு வந்து முதுவுல காத வெக்கிற, கொயந்தைய குட்றன்ற? நீ யாருன்னே தெரியாது."

"நான் சுகப்பிரியாவுக்கு மாமா. அவ அம்மாவோட கூடப் பொறந்தவன்."

"மாமாவா? அது இங்க வந்து ரெண்டு வருசமாவுது. பெத்து வூட்டுக்கு வந்தப்பவும் வர்ல, பேர் வெச்சப்பவும் வர்ல. இப்ப எங்கேர்ந்து முளைச்ச? பாப்பா ஷிப்டு முடிச்சி வரட்டும். அது போனு கம்பெனி கேட்டாண்ட லாக்கர்ல கீது, கூப்ட முடியாது."

அடையாள அட்டையைக் காட்டினேன். "இதுல கம்பெனி பேருதான் கீது, மாமான்னு போடல" என்றாள். பிறகு அவளே, "அவங்க அம்மா நம்பர் கீது. அந்தம்மா சொல்லட்டும், தரேன்" என்று போனைப் போட்டு என் காதில் வைத்தாள்.

நீ "யாரு?" என்றாய்.

எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். "நான்தான்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. "கன்னியம்மாட்ட குடுங்க" என்றாய்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு இருமல் வந்தது. பிறகு சத்தம் நின்றது. உதடு நீலமானது. தாளில் எழுதியபடி செய்தோம். ஐந்து தட்டில் மூச்சு வந்தது. 108 வந்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து இங்கே. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. வலது நுரையீரல் மட்டும் ஊதிப்போயிருந்தது.

சுகப்பிரியா என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். சக்திகுமார் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

11.50. எடுத்துவிட்டார்கள். அரைக் கடலை, உப்பியிருந்தது. அழுகிறான். அழுகை இங்கே வரை கேட்கிறது.

வனமாமலை


களக்காடு
17.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடுகிறான். நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்தீர்களா? உங்களை நினைத்துக் கும்பிட்டேன்.

கன்னியம்மா போனில் எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் எழுதாததையும் சொன்னாள்.

வேறொன்றும் இல்லை.

தங்கை,
பாப்பம்மாள்


படப்பை
6.11.2024

பாப்பம்மாளுக்கு,

உன் உடம்பும் மச்சான் உடம்பும் எப்படி இருக்கின்றன? இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் ஒன்றரை மாதமாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஐந்து வரிதான். வகுப்பு எடுக்கும்போது அது நெஞ்சில் குத்துகிறது. போன மாதம் ரப்பர் பொம்மையைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். விமல்ராஜ், "சார், போட்டோ எடுத்தாச்சு, நீங்க கன்டினியூ பண்ணலாம்" என்றான். என்னால் முடியவில்லை. அவனே நடத்தி முடித்தான். தப்பில்லாமல் நடத்தினான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

கன்னியம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானே எழுதிவிடுகிறேன். பகலவனுக்கு உதடு நீலமானதும் அவனை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கினேன். இருநூறு பேருக்கு, முந்நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். என் ஆள்காட்டி விரல் நேராக அவன் வாய்க்குள் போனது. நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது. கன்னியம்மா என் கையில் ஓங்கி அறைந்தாள். "யோவ், விரல வுடாதன்னு செவுத்துல எழுதிக்கீதே, உனுக்குப் படிக்கத் தெரியாது?" என்று பிள்ளையை வாங்கிக் கையில் குப்புறப் போட்டுத் தட்டினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையெழுத்து. தட்டியது அவள். நான் தட்டவில்லை. "செய்தோம்" என்று எழுதியது பொய்.

அந்த விரல் போன வழி அதற்குப் பழகிய வழி.

ஐஸ்வர்யா அன்று என் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு கடலை தின்றேன். சிந்தியது என் கையிலிருந்து. அவளுக்கு மூச்சு முட்டியதும் நான்தான் முதலில் விரலை விட்டேன். கடலை விரல்நுனியில் பட்டது. இன்றைக்கும் அந்த இடம் தெரியும். வழுக்கி உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கொல்லையிலிருந்து ஓடி வந்து குழந்தையை வாங்கினாய். உன் விரல் இரண்டாவது விரல். அந்த நேரம் பார்த்து ராஜலட்சுமி உள்ளே வந்தாள். "இவதான் வெரல விட்டா" என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை. பொய்யில்லாத ஒரு வரியை வைத்து இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிறுத்துகிறேன்.

வனமாமலை


களக்காடு
15.11.2024

அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் மச்சானைக் கைத்தாங்கலாக நடக்க வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியது எனக்குப் புதிதில்லை. அன்றைக்குப் பிள்ளையை உங்கள் கையிலிருந்து வாங்கும்போது உங்கள் ஆள்காட்டி விரல் நனைந்திருந்தது. நகக்கண்ணில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மதினி அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். உங்களையும் அவள் இழந்துவிட்டால் கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு இருபது வயது. கொஞ்ச நாள் பழியைச் சுமக்கலாம், பிறகு அண்ணனே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நீங்கள் சொல்லவில்லை. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உங்கள் விரலுக்கு அப்புறமும் அது வரும் இடத்தில் இருந்து, என் விரல்தான் தள்ளிவிட்டதோ? அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சுகப்பிரியா பிறந்த பிறகு அவள் வாயைத் துடைக்கக்கூட என் விரல் போகாது. துணியில்தான் துடைப்பேன். என் பயத்தைப் பார்த்து ஊரில் கிறுக்கு என்றார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் நீங்கள் செருப்பைக் கழற்றாமல் ஓடியிருக்காவிட்டால் இன்றைக்கு என் பேரன் இல்லை. அதுவும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுதியதை மதினியிடம் சொல்லுங்கள். கடிதமாக வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.

பாப்பம்மாள்


படப்பை
2.12.2024

அன்புள்ள பாப்பம்மாளுக்கு,

மழை விட்ட பிறகு இங்கே எல்லாருக்கும் காய்ச்சல். எனக்கு ஒன்றும் இல்லை.

பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்வதாக எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறிப் போனேன். உயரத்தில் வேலை செய்கிறவன் கயிற்றைக் கட்டாமல் நின்றால் அவனைத் திட்டுவேன். எனக்கு அப்படி நிற்கிறவனின் பயம்தான். கீழே பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ராஜலட்சுமி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். கடைசி வரைக்கும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அத்தை செத்தப்ப அவ எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. சொம்ப நான் தட்டி விட்டேன். எல்லாரும் பாத்தாவ. நீங்களும் பாத்திய" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"அப்பமும் வாயைத் தொறக்கலியே" என்றாள்.

என்னைத் திட்டவில்லை. அழவில்லை. துணியைப் பையில் வைத்தாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க எங்க வாரிய? உக்காருங்க" என்றாள். தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிடக்கூட விடவில்லை. தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன்.

நேற்று சாயங்காலம் உனக்கு ஒரு போன் வந்து, யாரும் பேசாமல் வைத்திருப்பார்கள். அது நான்தான். சுகப்பிரியாவிடம் நம்பர் வாங்கினேன். ராஜலட்சுமி உன்னிடம் வருகிறாள் என்று சொல்லத்தான் போட்டேன்.

இது உன் கைக்கு வரும்போது அவள் உன் வீட்டில் இருப்பாள், இல்லை வந்துவிட்டு எங்கேயாவது போயிருப்பாள். இங்கே திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று எழுத வேண்டாம். சாப்பிட்டாளா என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்,
வனமாமலை